ஹைபிரிட் கார்: மிச்சமாகும் பெட்ரோல் கூடுதல் விலையை ஈடுகட்டுமா?

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த கார். ஷோரூமில் 'ஹைபிரிட்' என்று சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எஞ்சின் ஓடாமல் இந்த வண்டி நகருமா?" நகராது என்றால் அது மைல்டு ஹைபிரிட். எஞ்சின் பெல்ட்டில் மாட்டிய சின்ன மோட்டார், வண்டி கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். நகரும் என்றால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட். பெட்ரோலைக் கணிசமாக மிச்சப்படுத்துவது இதுதான். மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டு வகையிலும் வந்ததால், கணக்குப் பார்க்கத் தோதான வண்டி.

2022 செப்டம்பரில் அறிமுகமானபோது மைல்டு ஹைபிரிட்டான ஸீட்டா ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம், ஸ்ட்ராங் ஹைபிரிட்டான ஸீட்டா பிளஸ் 17.99 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 46,800 ரூபாய் வரி சேர, கூடுதல் செலவு 3.07 லட்சம் ஆகிறது. விலை 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதம். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. அங்கே போட்ட யூடியூப் கணக்கு நமக்குப் பொருந்தாது.

இனி பெட்ரோல். நிறுவனம் சொல்லும் 27.97 கிலோமீட்டர் மைலேஜைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சென்னை நெரிசலில் லிட்டருக்கு மைல்டு ஆட்டோமேட்டிக் 12, ஸ்ட்ராங் ஹைபிரிட் 20 தரும் என்றும், பெட்ரோல் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு 400 லிட்டர், அதாவது 40,000 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழே முக்கால் வருடம் ஆகும். மாதம் 2,000 ஓடினால் நாலு வருடத்துக்குள் வந்துவிடும்.

அதே 1,000 கிலோமீட்டரும் திருச்சி நெடுஞ்சாலையில் ஓடினால்? அங்கே 16-க்கு 20 என்று வைத்தால் வருடம் 15,000தான் மிச்சம். இருபது வருடம் ஆகும். காரணம் எளிது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் சேர்ப்பதும், சிக்னலில் எஞ்சினை அணைப்பதும்தான் ஹைபிரிட்டின் சூட்சுமம். சீராக நூறில் போகும் வண்டியில் பிரேக்கும் இல்லை, சிக்னலும் இல்லை.

கூடுதல் தொகையைக் கடனில் வாங்கினால் கணக்கு இன்னும் மோசம். 3.07 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஐந்து வருட வட்டி சுமார் 75,000. ஏழே முக்கால் வருடம் ஒன்பதரையாக நீளும். பேட்டரி வாரண்டியோ 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வாரண்டி முடிந்த பிறகுதான் முதலே திரும்புகிறது என்றால் அந்தப் பேரம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எனவே புக்கிங் தொகை கட்டும் முன், இப்போதுள்ள வண்டியின் மூன்று மாத ஓடோமீட்டர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து டோல் சாலைப் பயணங்களைக் கழியுங்கள். மிஞ்சுவது உங்கள் ஊருக்குள் ஓட்டம். அது மாதம் 1,500-ஐத் தாண்டினால் ஹைபிரிட்டைத் தாராளமாக யோசிக்கலாம்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம். பல ஹைபிரிட்களில் பின் சீட்டை ஒட்டி இருக்கும். அதன் மேல் பையையோ போர்வையையோ போட்டு அடைத்தால், நம் ஊர் வெயிலில் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தத் துவாரத்தின் தூசு வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆரஞ்சு நிற ஒயரில் தெரு மெக்கானிக் கைவைக்கவே கூடாது. அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம்.

இன்னொன்று, பெரிய பேட்டரி இருந்தாலும் வண்டியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் அது இறங்கி, பட்டனை அழுத்தினாலும் 'ரெடி' விளக்கு எரியாமல் போகலாம். வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை, திறந்த வெளியில், அரை மணி நேரம் 'ரெடி'யில் வைத்தால் போதும்.