லேட்டா பாக்ஸிங் ஆரம்பிச்சா உடம்பு என்ன சொல்லும்?

லேட்டா பாக்ஸிங் ஆரம்பிக்கலாமான்னு பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் ஜார்ஜ் ஃபோர்மனை இழுத்துட்டு வந்துடுவாங்க, 1994ல 45 வயசுல மைக்கேல் மூரரை சாய்ச்சு திரும்ப ஹெவிவெயிட் சாம்பியன் ஆனாரேன்னு. வாஸ்தவம்தான், ஆனா மனுஷன் 1968லயே ஒலிம்பிக் தங்கம் வாங்குனவரு. அவரு லேட்டா முடிச்ச ஆளு, லேட்டா ஆரம்பிச்ச ஆளு இல்ல. இந்தக் கேள்விக்குப் பாக்க வேண்டியது ரான் லைலை.

டென்வர்ல வளந்தவரு, கொலை கேஸ்ல கொலராடோ ஜெயிலுக்குப் போனவரு, பாக்ஸிங் கத்துக்கிட்டதே அங்கதான். வெளிய வந்து 1971ல ப்ரோ ஆகும்போது வயசு 30. நாலே வருஷத்துல முகமது அலியோட டைட்டில் ஃபைட், பாயிண்ட்ல முன்னாடி இருந்துட்டு 11வது ரவுண்டுல தோத்தாரு. 1976 ஜனவரில அதே ஃபோர்மனை நாலாவது ரவுண்டுல ரெண்டு தடவ கீழ விழ வச்சாரு, அஞ்சாவது ரவுண்டுல இவரே நாக் அவுட் ஆனது தனிக்கதை.

இவ்ளோ அடி எங்கிருந்து வந்துச்சு? பஞ்ச் கையில பொறக்குறது இல்லைங்க. பின்னங்கால் தரையத் தள்ளும், இடுப்பு திரும்பும், அது பின்னாடியே தோள் வரும், கை கடைசியாத்தான் வரும், க்ளவுஸ் படுற அந்த நொடியில உடம்பு மொத்தமா இறுகணும், அப்பதான் கையோட எடை மட்டும் இல்லாம உடம்போட எடையும் சேந்து இறங்கும். இந்த வரிசைய மூளை எந்த வயசுலயும் கத்துக்கும், சின்னப் பசங்களவிட கொஞ்சம் மெதுவா. வேகமா சுருங்குற தசை இழைகள் வயசாக ஆக மெலியும்தான், ஆனா வெயிட் தூக்குறவங்களுக்கு அது ரொம்ப மெதுவா நடக்கும். மூச்சும் அப்படித்தான்: 30க்கு மேல உடம்பு எடுத்துக்குற உச்சபட்ச ஆக்ஸிஜன் பத்து வருஷத்துக்கு சுமார் 10% குறையும், விடாம ட்ரெய்னிங் பண்றவங்களுக்கு பாதியளவுதான் குறையும்னு சொல்றாங்க.

அப்போ உண்மையான பள்ளம் எங்க? கண்ணுல.

ஒண்ணப் பாத்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே சுமார் 200 மில்லி செகண்ட் ஆகும், நல்ல ஜாப் (முன்னாடி இருக்குற கையால நேரா விடுற குத்து) ஒண்ணு கிளம்பி மூஞ்சில விழவும் கிட்டத்தட்ட அவ்ளோதான் ஆகும். அதாவது கைய பாத்துட்டு விலகுனா கணக்கே ஒத்துவராது. அனுபவசாலி கையவே பாக்குறதில்ல, எதிராளி தோள் லேசா இறங்குறது, முன்னங்கால்ல எடை மாறுறது, இதப் பாத்தே அடுத்து என்னன்னு முடிவு பண்ணிடுவாரு, முன்னாடி போற ஆட்டோ கை காட்டாமலே திரும்பப் போகுதுன்னு டவுன் பஸ் டிரைவர் கண்டுபிடிக்கிற மாதிரி. வயசால ரியாக்ஷன் குறையுறது ரொம்பக் கொஞ்சம், ஆனா இந்தப் படிப்பு ஆயிரக்கணக்கான ரவுண்டு நின்னாத்தான் வரும், லேட்டா வந்தவங்ககிட்ட இல்லாதது அந்த ரவுண்டுங்கதான். 1973ல லைல் ப்ரோ ஆனப்புறம் முதல் தடவையா தோத்தது ஜெர்ரி குவாரிகிட்ட. குவாரி நாலு வயசு இளையவரு, ஆனா சின்னப் புள்ளையிலிருந்தே க்ளவுஸ் போட்டவரு. வயசுல தம்பி, ரிங்குல அண்ணன்.

அதனால 30ஐத் தாண்டி ஜிம்முக்கு வர்றவங்க தொங்குற பஞ்சிங் பேக்கையே போட்டு குத்திக்கிட்டு இருக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல, பேக்குக்கு தோள் இல்ல, அது எதையும் சொல்லிக் கொடுக்காது. கோச் கையில மெத்தை மாதிரி பேட் மாட்டி குத்த வைக்கணும், மெதுவான ஸ்பாரிங் (எதிர்ல ஆளோட பயிற்சி சண்டை) நிறைய வேணும். தசை சில வாரத்துல பலமாயிடும், ஆனா தசைய எலும்போட கட்டுற தசைநாணும் மணிக்கட்டும் தயாராக மாசக்கணக்கு ஆகும், நமக்கு பலம் வந்துட்டுதுன்னு முழு வேகத்துல குத்துறப்பதான் மணிக்கட்டு போகும், க்ளவுஸுக்கு உள்ள சுத்துற துணி, ஹேண்ட் ராப், ஒழுங்கா சுத்தியிருந்தாலும்.

அடுத்து தலை, இதுல பேரம் பேச முடியாது. தாடையில ஒரு ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு விடுற குத்து) விழுந்தா தலை சட்டுன்னு திரும்பும், உள்ள இருக்குற மூளை ஒரு கணம் பின்தங்கும், நரம்பு இழைகள் இழுபடும், நாக் அவுட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் திருப்பம்தான். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தத் தடுக்கும், இந்தத் திருப்பத்த பெருசா தடுக்காது. வயசாக ஆக மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும், அதுக்கும் அதைச் சுத்தியிருக்குற மேலுறைக்கும் நடுவுல போற சின்ன ரத்தக்குழாய்கள் ஏற்கனவே இழுபட்டு நிக்கும், அதே அடிக்கு 20 வயசுக்காரரவிட 45 வயசுக்காரருக்கு அங்க ரத்தம் கசியுற வாய்ப்பு அதிகம். ஒலிம்பிக் பாக்ஸிங்ல 40ன்னு உச்சவரம்பு இருக்கு, ப்ரோ லைசன்ஸ் குடுக்குற பல இடங்கள்ல வயசு கூடுனவங்களுக்கு எக்ஸ்ட்ரா டெஸ்ட் கேக்குறாங்க. ஸ்பாரிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ வாந்தி வந்தாலோ மாத்திரை போட்டு தூங்கிடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, ரத்தத்த இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க ஸ்பாரிங் பக்கமே போக வேணாம்.