காவலாளிக்குள் ஒளிந்து போகும் வைரஸ்

"பத்து வருடமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்கிறார்கள். ஆனாலும் மறதி கூடிக்கொண்டே போகிறது. எச்.ஐ.வி. மூளைக்குள்ளும் போகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

போகும், அதுவும் சீக்கிரமே. தாய்லாந்தில் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களிலேயே சிலரைப் பரிசோதித்தார்கள். தொற்றி எட்டே நாளான ஒருவரின் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் வைரஸ் இருந்தது.

எப்படிப் போகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தவை ஐஸ்லாந்துச் செம்மறி ஆடுகள். 1933இல் ஜெர்மனியிலிருந்து அங்கே கரகுல் என்ற இனத்தைச் சேர்ந்த 20 ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். பார்க்க எல்லாமே ஆரோக்கியமாக இருந்தன. சில வருடங்கள் கழித்து உள்ளூர் மந்தைகளில் நோய் கிளம்பியது. ஆடு மந்தையில் பின்தங்கும். உதடு நடுங்கும், பின்னங்கால் தடுமாறும், கடைசியில் படுத்துவிடும். ஒரு வைரஸ் உண்டாக்கிய அந்த நோய்க்கு 'விஸ்னா' என்று பெயர். இப்படி வருடக்கணக்கில் மெதுவாக நகரும் தொற்றுகளை 1954இல் தனி வகையாக விளக்கியவர், ஐஸ்லாந்தின் கெல்தூர் ஆய்வு நிலையத்தின் பியோர்ன் சிகுர்ட்சன். 1985இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது, எச்.ஐ.வி. இந்த ஆட்டு வைரஸின் உறவுக்காரன் என்று தெரிந்தது. ஆட்டு நோய் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வழிக்கு வருவோம். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும். வைரஸ் தனியாக அதைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் மோனோசைட் என்ற வெள்ளணு, உள்ளே காவல் காக்கும் பழைய செல்களுக்கு மாற்றாளாக அவ்வப்போது உள்ளே போகும். விஸ்னா வைரஸ் அதற்குள் ஏறிக்கொள்கிறது. ஏறியபின் கிட்டத்தட்ட மூச்சுக் காட்டாமல் கிடக்கிறது. தன் புரதங்களை மிகக் குறைவாகவே தயாரிக்கிறது. புரதம் வெளியே தெரியாததால், எதிர்ப்புச் செல்கள் பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. மோனோசைட் சுவரைத் தாண்டி, முதிர்ந்து, கிருமிகளை விழுங்கும் காவல் செல்லான மேக்ரோஃபேஜ் ஆகிறது. அப்போது அதில் புதிதாக வேலைக்கு இறங்கும் மரபணு இயக்கமே வைரஸையும் எழுப்பிவிடுகிறது. காவலாளி வேலையில் சேர்ந்த பிறகுதான் திருடன் கண் விழிக்கிறான்! இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

எச்.ஐ.வி.க்கும் இது ஒரு முக்கிய வழி. அதன் குரங்கு உறவான எஸ்.ஐ.வி. தொற்றிய மக்காக் குரங்குகளின் மூளையிலும், ரத்தக் குழாயை ஒட்டிய மேக்ரோஃபேஜ்களில்தான் வைரஸ் அதிகம் தென்பட்டது.

மூளையின் நரம்பு செல்களான நியூரான்களுக்குள் வைரஸ் பெருகுவதில்லை. பிறகு மறதி எங்கிருந்து வருகிறது? எலிகளுக்கு எச்.ஐ.வி. இயல்பாகத் தொற்றாது. அதனால் 1994இல் அமெரிக்காவில், வைரஸின் வெளியுறைப் புரதமான ஜிபி120 மட்டும் மூளையில் உருவாகும்படி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். முழு வைரஸ் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நியூரான்களின் கிளைகள் சிதைந்தன, இணைப்புகள் குறைந்தன.

ஏ.ஆர்.டி. மாத்திரை புதிய செல்களைக் காப்பாற்றும். ஏற்கெனவே தொற்றிய செல் இப்படிப்பட்ட புரதங்களைக் கசியவிடுவதை அது முழுவதும் நிறுத்தாது. கடுமையான மறதி நோய் இன்று அரிதாகிவிட்டாலும், லேசான தடுமாற்றம் சிலருக்கு நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்ட வாசகருக்கு: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது மறதியைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொண்டுவரும். அவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.