தண்ணீர்மலை ஓடையில் ஒரு வாலாட்டி

தைப்பூசக் கூட்டம் கலைந்து, பங்குனி பிறந்த முதல் ஞாயிறு. பினாங்கில் காலை ஏழரை மணி வாக்கில்தான் சூரியன் எழும். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, தாவரவியல் பூங்காவின் வாசலில் 14 பேர் கூடினோம். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளி மாணவர்கள். கழுத்தில் தொலைநோக்கி, கையில் நாசி லெமாக் பொட்டலம். ஓடையோரமாக நடந்து, ஜீப் பாதையில் கொடிமலைப் பக்கம் கொஞ்சம் ஏறி, பத்தரைக்குள் திரும்பிவிடுவது என்று திட்டம். ஆனால் முதல் கால் மணி நேரம் ஓடைப் பாலத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை.

கீழே ஈரப்பாறையில் ஒரு சாம்பல் வாலாட்டி நின்றிருந்தது. சாம்பல் முதுகு, எலுமிச்சை மஞ்சளில் அடிவயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வால் ஒரு நொடியும் ஓயாது. நீரோட்டத்தின் விளிம்பில் ஓடிப் பூச்சியைக் கொத்தும், மறுபடியும் பாறைக்குத் தாவும், மறுபடியும் வாலை ஆட்டும். புரட்டாசியிலிருந்து இந்த ஓடையில் வாலாட்டிகளைப் பார்த்து வருகிறேன். எல்லாவற்றுக்கும் தொண்டை வெள்ளையாகத்தான் இருந்தது. அன்று இதன் தொண்டையில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. கறுப்பு இறகுகள் ஒவ்வொன்றாக முளைத்து, இடையிடையே பழைய வெள்ளை எஞ்சியிருந்தது. கூடு கட்டும் காலத்தில் ஆண் வாலாட்டிக்குத் தொண்டை முழுக்கக் கறுத்துவிடும். அந்தக் கூடு இங்கே கட்டப்படுவதில்லை. சைபீரியாவிலோ ஜப்பானிலோ ஏதோ ஒரு மலையோடையின் கல்லிடுக்கில். மாப்பிள்ளைக் கோலத்தைப் பினாங்கிலேயே பூண்டுகொண்டுதான் இது கிளம்புகிறது.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இங்கே பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. கிளம்பச் சொல்லி இதற்கு யார் சொன்னார்கள்?"

பாலத்தில் நின்றபடி சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அவளுடைய கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் இருக்கிறது.

குளிரும் வெயிலும் சொல்கின்றன என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். 1920களில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற உயிரியலாளர் இதைச் சோதித்தார். ஜங்கோ என்ற சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, கடுங்குளிரின் நடுவே, மாலை நேரங்களில் மின்விளக்குகளை எரியவிட்டு அவற்றின் பகலை நாளுக்கு நாள் நீட்டினார். சுற்றிலும் பனி உறைந்திருந்தது. ஆனால் குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்துவிட்டது போல வளர்ந்தன. பகலின் நீளம்தான் அவற்றுக்கு நாட்காட்டி என்று அப்போது தெரிந்தது. வெப்பநிலை ஏமாற்றும், பகலின் நீளம் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அதே அளவுதான் இருக்கும்.

கனடாவுக்கு இது பொருந்தும். பினாங்குக்கு? நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரை பாகையில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் 40 நிமிடத்துக்கும் குறைவு. மார்ச் மாதத்தில் சைபீரியாவின் வட பகுதிகளில் பகல் நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் நீள்கிறது. இங்கே 20 விநாடிகூட நீள்வதில்லை. ஜாவா வரை போய்த் தங்கும் பறவைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. நிலநடுக்கோட்டைத் தாண்டிவிட்டதால், வசந்தம் நெருங்க நெருங்க அவற்றின் பகல் குறுகுகிறது. வடக்கிலிருந்து வரும் அழைப்புக்கு நேர் எதிரான சேதி அது. ஆனாலும் அவை தவறாமல் புறப்படுகின்றன.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் எபர்ஹார்ட் க்வின்னர். ஐரோப்பாவில் கூடு கட்டி ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு கதிர்க்குருவி இனத்தை அவர் எடுத்துக்கொண்டார். பத்து கிராம் எடைதான் இருக்கும். அவற்றை மூடிய அறையில் வைத்து, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாதக்கணக்கில் மாற்றமே இல்லாமல் வளர்த்தார். வெப்பம் மாறவில்லை, பகல் மாறவில்லை, வானம் கண்ணில் படவில்லை. குருவிகளோ உரிய காலத்தில் இறகு உதிர்த்தன, உரிய காலத்தில் கொழுத்தன, உரிய காலத்தில் இரவு முழுவதும் தூங்காமல் கிளைக்குக் கிளை தாவின. 1960களின் இறுதியில் வெளியான அந்த முடிவுகள் காட்டியது இதுதான்: பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. தினமும் நம்மை எழுப்பும் உடல் கடிகாரத்தின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கடிகாரம் துல்லியமானது அன்று. வெளியுலகச் சேதி எதுவும் கிடைக்காமல் அடைத்து வைத்த பறவைகளில் அது பெரும்பாலும் 12 மாதத்துக்கு ஒரு சுற்று வருவதில்லை; பல பறவைகளில் பத்து மாதத்திலேயே சுற்று முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் இருந்தது. வாரத்துக்குச் சில நிமிடம் முந்தி ஓடும். அப்பா வானொலியில் செய்தி நேரத்துக்குக் காத்திருந்து முள்ளைப் பின்னுக்குத் தள்ளி வைப்பார். பறவைக்கு அந்த வானொலி பகலின் நீளம். புறப்படு என்று அது கட்டளையிடுவதில்லை, முள்ளை மட்டும் சரிசெய்கிறது. வடக்கில் கோடையின் நீண்ட பகல்களில் சரிசெய்யப்பட்ட கடிகாரம், வெப்பமண்டலத்தில் கழியும் மாதங்களில் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இங்கே கிடைக்கும் 20 விநாடிக்கும் குறைவான மாற்றத்தால் பறவைக்கு ஏதும் பயன் உண்டா? உண்டு என்று நம்ப வைக்கும் ஓர் ஆய்வு 1998இல் வந்தது. மிக்கேலா ஹாவும் உடன் ஆய்வாளர்களும் பனாமாவின் மழைக்காட்டில் வாழும் புள்ளி எறும்புக்குருவியைச் சோதித்தார்கள். அது வலசை போகாது, பிறந்த காட்டிலேயே வாழ்ந்து மடியும் பறவை. அதன் பகலை 12 மணி நேரத்திலிருந்து வெறும் 17 நிமிடம் நீட்டியதும் அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன, பாட்டும் கூடியது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பினாங்கில் பகல் நீள்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். நம் வாலாட்டியை யாரும் அப்படிச் சோதித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு நுண்ணிய அளவைப் பறவையின் உடலால் உணர முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

அளப்பது கண் என்று நினைத்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர் என்பவர் பார்வையில்லாத சிட்டுக்குருவிகளிடமும் பகல் நீளத்தை உணரும் ஆற்றல் குறையவில்லை என்று காட்டினார். தலையின் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தி வெளிச்சத்தை மறைத்தபோதுதான் அந்த உணர்வு மங்கியது. பறவையின் மண்டையோடு மெல்லியது; வெளிச்சம் அதை ஊடுருவி மூளையின் அடிப்பகுதிவரை எட்டுகிறது. அங்கே ஹைபோதலாமஸ் பகுதியில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. பகல் போதுமான அளவு நீண்டால் அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாக ஹார்மோன் சங்கிலி ஒன்று தொடங்குகிறது. பருவமில்லாத காலத்தில் கடுகளவாகச் சுருங்கிக் கிடந்த விதைப்பைகள் பல நூறு மடங்கு பருக்கின்றன. பறக்கும்போது சுமக்கத் தேவையில்லாத பாரத்தைச் சுருக்கி வைத்திருந்து, வேண்டும்போது வளர்த்துக்கொள்ளும் சிக்கனம் இது.

கூடவே பசி கூடுகிறது. சில சிறு பறவைகள் நீண்ட பயணத்துக்கு முன் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும், கூடுவது பெரும்பாலும் கொழுப்பு. பிறகு, இரவெல்லாம் தூங்கவிடாமல் கிளம்பச் சொல்லும் அந்தத் தவிப்பு வருகிறது. 1966இல் ஸ்டீபன் எம்லெனும் அவருடைய தந்தை ஜான் எம்லெனும் அதைப் பதிவு செய்ய எளிய கருவி ஒன்றைச் செய்தார்கள். புனல் வடிவில் சுருட்டிய உறிஞ்சுதாள், அடியில் மைத்திண்டு, மேலே வலை. உள்ளே இருக்கும் பறவை எந்தத் திசையில் தாவுகிறதோ அந்தப் பக்கத் தாளில் அதன் கால்தடம் பதியும். விடிந்ததும் தாளை விரித்தால் இரவெல்லாம் அது போக ஏங்கிய திசை கறுப்பாகத் தெரியும். பின்னர் ஸ்டீபன் எம்லென் நீலநிறச் சிறு குருவிகளில் ஒரு பகுதியை விளக்கொளியால் வசந்த நிலைக்கும், மறு பகுதியை இலையுதிர் கால நிலைக்கும் கொண்டுவந்து, கோளரங்கத்தில் ஒரே விண்மீன் வானத்தின் கீழே வைத்தார். வசந்த நிலையில் இருந்தவை வடக்கு நோக்கித் தாவின, மற்றவை தெற்கு நோக்கி. விண்மீன்கள் ஒன்றுதான், உடலின் நிலைதான் திசையைத் தீர்மானித்தது.

அன்றைய நடையில் நாங்கள் பார்த்த பலவும் இதே தவிப்பில் இருப்பவைதாம். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். ஜீப் பாதையின் முதல் வளைவில் பழுப்பு ஈப்பிடிப்பான், ஒரே கிளையிலிருந்து புறப்பட்டு அதே கிளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இடையிடையே துடுப்புவால் கரிச்சான் வந்து எல்லார் கவனத்தையும் பறித்துக்கொண்டது. அது இங்கேயே வாழ்வது, எங்கும் போகாது.

எனக்குள்ள கவலையையும் சொல்லவேண்டும். 2013இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், பிளாக்பேர்ட் என்னும் பறவைகளுக்கு இரவில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சம் காட்டினார்கள். நல்ல நிலா வெளிச்சத்தின் அளவுதான். அவற்றின் உடல் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. நாமோ மலையடிவாரத்தில் அடுக்குமாடிகளைக் கட்டி, ஓடைக்கரையிலும் விடியும்வரை விளக்கெரிய விடுகிறோம். சில நிமிட வித்தியாசத்தைக்கூட உணரக்கூடும் என்று எண்ண வைக்கும் உயிர்கள் உறங்கும் இடம் அது. நடைபாதை விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரையோடு நிறுத்துவதற்குப் பெரிய செலவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அணைத்துவிட்டால் செலவு மிச்சம்.

சித்திரை இரண்டாம் வாரம் அந்த மாணவியும் அவளுடைய தாத்தாவும் என்னோடு மறுபடியும் பாலத்துக்கு வந்தார்கள். வாலாட்டியின் பாறையில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. அவள் தன் குறிப்பேட்டில் வாலாட்டிக்கு நேரே பூஜ்யம் போட்டாள். அப்போது மேட்டுப்பக்கத்து ஈரப்புதரிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலித்தது, சற்று விட்டு மறுபடியும். நீலச்சிறகு ஆறுமணிக்குருவி. தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கூடு கட்டுவதற்காகவே நம் பக்கம் வரும் பறவை. "இதற்குப் பினாங்குதான் வடக்கா ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரியில் 1 என்று எழுதினாள்.