கள்ளக்கடல்: காற்றே இல்லாத நாளில் கரையேறும் கடல்

ஏப்ரல் பிறந்துவிட்டால் இரண்டு எச்சரிக்கைகள் அடுத்தடுத்து வரத் தொடங்கும். ஒன்று உள் மாவட்டங்களுக்கான வெப்ப அலை எச்சரிக்கை. மற்றொன்று கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளுக்கான 'கள்ளக்கடல்' எச்சரிக்கை. முதலாவதை யாரும் விளக்க வேண்டியதில்லை, வாசலில் கால் வைத்தாலே புரிந்துவிடும். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "அதென்ன, கள்ளநோட்டு மாதிரி கள்ளக்கடலா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பு இருக்கட்டும், கேள்வி சரியான கேள்விதான். இந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டிய இடமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் பொருள். உள்ளூரில் காற்று இல்லை, மழை இல்லை, வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ புயல் சின்னமும் இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட நாளில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த நீண்ட அலைகள் வந்து சேர்ந்து, கரையோர நீர்மட்டத்தை உயர்த்தி, மணல்மேட்டைத் தாண்டி ஊருக்குள் ஏறுவதுதான் கள்ளக்கடல். சுனாமிக்கும் இதற்கும் உறவில்லை. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தில் பிறப்பது, இது முழுக்கக் காற்றின் வேலை. அந்தக் காற்று நம் ஊர்க் காற்று இல்லை, அவ்வளவுதான்.

சொல் பிறந்தது கேரளக் கரையில். கள்ளனைப் போல ஓசைப்படாமல் வரும் கடல் என்று மலையாள மீனவர்கள் வைத்த பெயர் இது. கடலியல் ஆய்வாளர்கள் இதற்கு ஆங்கிலத்தில் புதிதாக ஒரு பெயர் தேடாமல் மீனவர் சொல்லையே கட்டுரைகளில் எழுதினார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் இதை அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய மீனவர்களின் 'சுனாமி' உலகச் சொல்லானதும் ஏறக்குறைய இதே வழியில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், சுருக்கமாக இன்காய்ஸ், தன் எச்சரிக்கைகளில் இந்தப் பெயரைப் பயன்படுத்த, அங்கிருந்து சொல் நம் நாளிதழ்களுக்கு வந்தது.

அப்படி வந்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. மலையாளத்தில் கிளம்பி, ஆங்கில எழுத்தில் பயணம் செய்து, தமிழுக்கு வந்து இறங்கியபோது சிலர் கையில் அது 'கல்லக்கடல்' ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துக்கு ளகர லகர வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரியும். மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒலி மாறாமல் எழுதினால் கிடைப்பது கள்ளக்கடல்தான், அது அப்படியே தமிழும்கூட. கள்ளம் என்பதோடு கடல் சேரும்போது ஈற்று மகரம் கெட்டு ககரம் மிகும், மரம் கிளையோடு சேர்ந்து மரக்கிளை ஆவதைப் போல. ஆகவே இதை 'மலையாள இரவல்' என்று தள்ளிவைக்க இலக்கணத்தில் இடமில்லை.

வேர் 'கள்'. களவு, கள்வன், கள்ளம், கள்ளன் எல்லாம் இதன் கிளைகள். திருக்குறளில் திருடாமைக்கு 'கள்ளாமை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. குடிக்கும் கள் வேறு, அதைப் பிடித்துக்கொண்டு சொற்பிறப்பு சொல்லக் கிளம்புகிறவர்களை நம்ப வேண்டாம். ஐங்குறுநூற்றில் கள்வன் என்றால் நண்டு. அதற்கென்றே 'கள்வன் பத்து' என்று பத்துப் பாடல்கள் இருக்கின்றன. வயலுக்குள் நுழைந்து கதிரை அறுத்துக்கொண்டு வளைக்குள் மறையும் நண்டைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் கேட்கத் தோன்றாது.

இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் கள்ளன் ஓரளவு பின்வாங்கி, திருடன் முன்னுக்கு வந்துவிட்டான். ஈழத் தமிழில் இன்றும் கள்ளன்தான், களவுதான். குமரி மாவட்டத்திலும் கள்ளன் என்றால் வீட்டில் புகுந்து எடுத்துப் போகிறவனே. மற்ற இடங்களில் 'கள்ள' என்ற முன்னொட்டுதான் உயிரோடு இருக்கிறது, அதுவும் மூன்று பொருளில். கள்ளநோட்டு, கள்ளச்சாவி என்றால் போலி. கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் என்றால் சட்டத்துக்குப் புறம்பானது. கள்ளப்பார்வை, கள்ளச்சிரிப்பு என்றால் பிறர் அறியாமல் மறைவாக நடப்பது. கள்ளக்கடல் மூன்றாவது வகை. சென்னைக்காரர் காதில் அது முதல் வகையாக விழுந்து 'போலிக் கடல்' ஆகிவிடுவதால்தான் சிரிப்பு வருகிறது.

இனி, கடல் எப்படிக் கள்ளத்தனம் செய்கிறது என்பது. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே நிலம் அடைத்து நிற்கிறது. தெற்கே ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே அண்டார்டிகா வரை திறந்த வெளி. அங்கே 40 டிகிரி தெற்கு அட்சரேகைக்குக் கீழே ஓயாமல் புயற்காற்று சுழல்கிறது. அத்தகைய காற்றழுத்தத் தாழ்வு ஒன்று சில நாள் பலமாக நின்று வீசினால் பிறக்கும் பேரலைகள், காற்று ஓய்ந்த பின்னும் பயணத்தை நிறுத்துவதில்லை. குட்டையான அலைகள் வழியிலேயே தேய்ந்து போகும். நீளமானவை மட்டும் வடக்கே வந்து சேரும்.

2024-இல் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தென் அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்த ஒரு தாழ்வு நிலை ஏப்ரல் 26 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குள் நுழைந்தது. நம் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தொலைவு. 28-ஆம் தேதிக்குள் அங்கே 11 மீட்டர் உயர அலைகள் எழுந்தன. அவற்றின் மிச்சம் மே 4 அதிகாலையில் கேரளத்தையும் லட்சத்தீவையும் தொட்டது. ஆறு நாள் முன்பு வேறொரு அரைக்கோளத்தில் வீசிய காற்றை, அலை வடிவில் நம் ஊர்க்காரர்கள் வாசலில் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் எச்சரிக்கைச் செய்திகளின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. '0.5 முதல் 1.5 மீட்டர் உயர அலைகள்' என்று தலைப்பில் போடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் என்றால் நெஞ்சளவு, கழுத்தளவு; இதற்கா சிவப்பு எச்சரிக்கை என்று படிப்பவர் அலட்சியமாகத் தாண்டிப் போகிறார். பார்க்க வேண்டிய எண் உயரத்தில் இல்லை, விநாடியில் இருக்கிறது. ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரம் அது. உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஐந்தாறு விநாடிக்கு ஒன்று வரும். கள்ளக்கடல் அலைக்கு 15 விநாடிக்கு மேல், சில சமயம் 20-ஐயும் தாண்டும். ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், 18 விநாடி அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். அந்த அரைக் கிலோமீட்டர் நீள அலை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நாளில் 1,200 கிலோமீட்டர் தன் சக்தியைச் சுமந்து வருகிறது. ஆழத்தில் நிற்கும் படகு அதன் மேல் மெதுவாக ஏறி இறங்கும், படகில் இருப்பவர் கவனிக்காமலே விடலாம். கரைக்கு அருகே தரை தட்டும்போதுதான் அது நிமிரும். ஒவ்வொரு அலையும் கொண்டுவரும் நீரின் அளவு பெரிது. ஒன்று வடிவதற்குள் அடுத்தது வந்து அதன் முதுகில் ஏறும். அது கடலின் அன்றாட ஏற்றத்தின் நேரமாகவும் இருந்துவிட்டால், தாழ்வான கரைகளில் தண்ணீர் வீட்டுப்படியைத் தேடி வரும்.

பெரும்பாலும் கோடையில்தான் வருகிறது, ஏன்? ஏப்ரல், மே நமக்குக் கோடை என்றால் தென் அரைக்கோளத்துக்குக் குளிர்காலத்தின் வாசல். அங்கே புயல்கள் வலுக்கும் காலம். இங்கேயோ தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் வராததால் கடல் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியில்தான் தொலைதூர அலை தனியாகத் தெரிகிறது. ஜூன் பிறந்து பருவக்காற்று கடலைக் கலக்கத் தொடங்கிய பின் இதே அலைகள் வந்தாலும் கூட்டத்தில் கரைந்துவிடும்.

சரி, இதற்கு 'நல்ல தமிழ்' என்ன? புழக்கத்தில் இருப்பவற்றைப் பார்க்கலாம். 'கடல் சீற்றம்', 'கடல் கொந்தளிப்பு' இரண்டும் செய்தியாளர்களுக்குக் கைவந்தவை, எல்லாருக்கும் புரிபவை, ஆனால் இங்கே தவறானவை. சீற்றம் கண்ணுக்குத் தெரியும். நுரை தெரியும், காற்று தெரியும், இரைச்சல் கேட்கும். சீற்றம் என்று கேட்டவர் கடற்கரைக்கு வந்து பார்த்தால் தண்ணீர் பாட்டுக்குப் பாந்தமாக இருக்கும். "சும்மா சொல்கிறார்கள்" என்று இறங்கிவிடுவார். எச்சரிக்கைச் சொல்லே ஏமாற்றிவிட்டதாக ஆகும். 'திடீர் அலையெழுச்சி' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஆறு நாள் பயணம் செய்து வருவதைத் திடீர் என்பதா? 'கடல்கோள்' நிலத்தையே விழுங்குவதற்கான சொல், இதற்கு மிகை. 'ஓதம்' அருமையான பழஞ்சொல். ஆனால் அது கடலின் ஏற்றத்தைக் குறிப்பது, தவிர இன்றைக்கு ஓதம் என்றால் தரையில் ஊறும் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது. வைத்தியர்கள் சொல்லும் இன்னொரு ஓதமும் உண்டு, அது இங்கே வேண்டாம்.

என் முடிவு: நிகழ்வுக்குக் கள்ளக்கடலே பெயராக இருக்கட்டும். தமிழில் பிரித்துப் பொருள் சொல்ல முடிகிற, தேவையான எச்சரிக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கிற சொல்லை விட்டுவிட்டு வேறு தேட வேண்டியதில்லை. சுனாமிக்கு 'ஆழிப்பேரலை' என்று அழகாக ஆக்கினோம், மேடையிலும் ஏட்டிலும் நிற்கிறது, பேச்சில் சுனாமிதான். இங்கே அந்தச் சிக்கல்கூட இல்லை. தமிழாக்கம் தேவைப்படுவது 'ஸ்வெல்' என்ற கலைச்சொல்லுக்குத்தான், காற்று ஓய்ந்த பின்னும் தொலைவிலிருந்து உருண்டு வரும் அந்த நீள அலைக்கு. 'பொங்கு' என்பதோடு அலையைச் சேர்த்தால் 'பொங்கலை' என்று வரும். பொங்கலைச் சாப்பிடலாம், கலைச்சொல்லாக வைக்க முடியாது. 'நெட்டலை' எனக்குப் பிடித்திருக்கிறது. நெடு என்பதோடு இலை சேர்ந்து நெட்டிலை ஆகும் அதே முறை, அதன் முக்கியக் குணமான நீளமும் பெயரில் இருக்கிறது. பாடநூலுக்கு 'நெட்டலைப் பெருக்கு' என்று எழுதலாம். கரையில் அறிவிப்புப் பலகை வைப்பவர்கள் கள்ளக்கடல் என்றே எழுத வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் வேறு இரண்டு சொற்களையும் பிரித்துவிடலாம். 'வெப்ப அலை' ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் வந்தது. வெக்கை, அனல், புழுக்கம் என்று நம்மிடம் சொற்கள் இருந்தாலும் அவை உணர்வைச் சொல்பவை, அளவைச் சொல்பவை அல்ல. வெப்ப அலை அளவுகோல் உள்ள சொல். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸையும் கடலோரத்தில் 37-ஐயும் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் கணக்கு. 'கடல் வெப்ப அலை' என்பதில் வரும் அலைக்கும் தண்ணீரின் அசைவுக்கும் தொடர்பே இல்லை. கடல் மேற்பரப்பின் வெப்பம் அந்தப் பருவத்துக்கு மிக அரிதான உயரத்தில் ஐந்து நாளாவது தொடர்வதுதான் அது. 2020 மே மாதம் மன்னார் வளைகுடாவில் அப்படி நேர்ந்து பவளப்பாறைகளில் 85 விழுக்காடு வெளுத்துப் போயின.

கோடை வெப்பம் கள்ளக்கடலை உண்டாக்குவதில்லை. இரண்டும் ஒரே மாதங்களில் வருகின்றன, அவற்றைச் சேர்த்துவைப்பது மனிதர்கள்தான். பள்ளி விடுமுறை, உள்ளூரில் தாங்க முடியாத வெயில், கடற்கரைக்குப் போனால் சற்றுக் காற்றாட இருக்கலாம் என்ற ஆசை. 2024-இல் அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளும் மே 4-தான், கள்ளக்கடல் கேரளக் கரை தொட்ட அதே நாள். இரண்டு நாள் கழித்து, மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரம் அது. 2020 முதல் இன்காய்ஸ் இதற்கென்றே தனி முன்னறிவிப்பு முறை வைத்திருக்கிறது. அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை எளியவைதான்: கடலில் இறங்காதிருப்பது, சிறு படகுகளைக் கரையோரம் ஓட்டாதிருப்பது, கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விடுவது, வலைகளை மேட்டுக்கு ஏற்றிவிடுவது.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு வினைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. 'கள்ளக்கடல் வீசக்கூடும்' என்று அண்மையில் ஒரு செய்தியில் படித்தேன். புயல் வீசும், அனல் வீசும். கள்ளக்கடலில் வீசுவதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் இலக்கணம். 'கடல் ஏறுது' என்பது கரை வழக்கு. கள்ளக்கடல் ஏறும், ஊருக்குள் புகும், பிறகு வடியும். பன்மை தேவையில்லை. எழுதும்போது நடுவே இடம் விடாமல், ளகரத்தோடு, ககரம் இரட்டித்து.