அகவித்து: ஆன்டிபயாடிக்குக்குப் பிடிபடாத கிருமி

கிரேக்கத்தில் 'ஸ்போரா' என்றால் விதைப்பு. விதை என்பதற்கும் அதே சொல்தான். அங்கிருந்து வந்ததுதான் ஸ்போர் என்ற ஆங்கிலச் சொல். தமிழிலும் வித்து என்பது விதை, வித்துதல் என்பது விதைத்தல். இலங்கைப் பாடநூல்களில் ஸ்போருக்கு 'வித்தி' என்ற தனிச்சொல் உண்டு. சில பாக்டீரியாக்கள் இக்கட்டான காலத்தைக் கடக்க இதைத் தங்கள் உடலுக்குள்ளேயே உண்டாக்குவதால், அதை 'அகவித்து' என்பதுதான் பொருத்தம்.

ஆனால் வித்து என்றதும் இனப்பெருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. காளான் வித்துகளைத் தூவுவது பெருகுவதற்காக. பாக்டீரியாவிலோ ஒரு செல்லிலிருந்து பொதுவாக ஒரே ஓர் அகவித்துதான் வரும். உணவு தீர்ந்துபோனால், செல் தன் டிஎன்ஏவைப் பல அடுக்கு உறைக்குள் வைத்து, நீரை வெளியேற்றி, இயக்கத்தை நிறுத்திக்கொள்கிறது. ஜெர்மன் அறிவியலாளர்களான பெர்டினாண்ட் கோனும் ராபர்ட் காக்கும் 1876இல் இதை விவரித்தார்கள். கொதிநீரையும் தாங்குபவை உண்டு. அதனால்தான் அறுவைக் கருவிகளை அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள்.

குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்ற பாக்டீரியா, இப்படி அகவித்து உண்டாக்கும் வகை. பெயரில் உள்ள 'டிஃபிசிலி', ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம் என்பதால் 1935இல் வைத்த பெயரிலிருந்து வந்தது. இதனால் வரும் வயிற்றுப்போக்கு, குணமான பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள். "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்று அவர்களைக் குடைவது அநியாயம். ஆன்டிபயாடிக் தாக்குவது வளர்ந்துகொண்டிருக்கும் செல்லை. அகவித்தில் வளர்ச்சியே இல்லை. போதாக்குறைக்கு, பித்த அமிலங்களை மாற்றி இந்தக் கிருமியை அடக்கிவைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் மருந்தில் அழிகின்றன. மருந்து நின்றதும் அகவித்து முளைக்கிறது.

அப்புறம் எப்படித் தடுப்பது? நல்ல பாக்டீரியாக்களை அதிகம் அழிக்காத ஃபிடாக்சோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால், வான்கோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கைவிட நோய் திரும்புவது குறைகிறது. அடிக்கடி திரும்பினால், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்துகிறார்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இது. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற வவ்ஸ்ட் என்ற மாத்திரைக்குள் இருப்பதும் நல்ல பாக்டீரியாக்களின் அகவித்துகளே!

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சானிடைசரை நம்பக் கூடாது. ஆல்கஹால் அகவித்தைக் கொல்லாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் அது கையைவிட்டுப் போகும். கழிப்பறையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும், அதுவும் சில நிமிடங்கள் ஈரம் காயாமல் இருக்கும்படி.