துன் சம்பந்தனை எந்த எழுத்தில் தேடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு மண்டபத்தின் பக்க அறையில், பழைய தோட்ட வாசகசாலைகளிலிருந்து வந்து சேர்ந்த தமிழ் நூல்களைச் சனிக்கிழமைதோறும் நாங்கள் மூன்று பேர் கணினியில் பதிந்து வருகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நூலைத் துடைத்து முகப்புப் பக்கத்தை உரக்கப் படிப்பார்; கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தட்டச்சு செய்வார்; எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்று சொல்வது, முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், என் பங்கு. சென்ற மாதம், ‘துன்’ என்ற மலேசியப் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தனின் பேச்சுகள் அடங்கிய ஒரு மலர் கைக்கு வந்தது. இந்த ஊரில் பிறந்து, அமைச்சராகி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வழிசெய்தவர் அவர். அவருடைய பெயரைப் பதிவதிலேயே அன்றைய மாலை முழுவதும் போயிற்று.

“வீ-யில போடவா சார், சானாவுல போடவா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“அவரு பேரு திருஞானசம்பந்தன்மா. அப்ப தி-யிலதான் போடணும்” என்றார் ஆசிரியர்.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ‘வீ’ என்பது தந்தை வீராசாமியின் பெயர். ‘தி’ யாருடைய தலைப்பெழுத்தும் அன்று. அவருடைய சொந்தப் பெயரின் முதற்பாதி, புள்ளி வைத்துப் பிரிக்கப்பட்டு ஒரு தலைப்பெழுத்தைப்போல நிற்கிறது. முகப்புப் பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர் ‘ச’வில் இருப்பார், பிறப்புப் பெயரைக் கொண்டால் ‘தி’யில், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எண்ணும் வழக்கத்தைப் பின்பற்றி ‘திருஞானசம்பந்தன் ஏ/எல் வீராசாமி’ (வீராசாமியின் மகன் திருஞானசம்பந்தன்) என்ற அடையாள அட்டை வடிவத்தைப் பதிந்தால் ‘வீ’யில். மூன்று நூலகங்கள் மூன்று விதமாகப் பதிந்தால், ஒரே மனிதர் மூன்று பேர் ஆகிவிடுவார். பட்டியலாக்க விதிகள் என்று ஒன்று உலகில் தோன்றியதற்கே இந்தச் சிக்கல்தான் காரணம். அந்த விதிகள் இனித் தேவையா என்று இன்று நடக்கும் வாதத்திலும் இதே சிக்கல்தான் நடுவில் நிற்கிறது.

நூலகப் பட்டியல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பெயர் தெரிந்த நூலைக் கண்டுபிடித்துக் கொடுப்பது, இது எளிது. மற்றொன்று, ஒருவர் எழுதிய எல்லாவற்றையும், ஒரே நூலின் எல்லாப் பதிப்புகளையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டுவது. சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் 1876இல் எழுதிய விதிநூலில் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னார். திரட்டுவது கடினமான வேலை, ஏனென்றால் அதற்கு ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த முடிவுகளை எழுதி வைக்கும் ஏட்டைத்தான் நூலகத் துறையில் அதாரிட்டி கோப்பு என்கிறார்கள்: ஒருவருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு பெயர், அதன்கீழ் அவர் எழுதிய மற்ற எல்லாப் பெயர்களும், ஒவ்வொன்றிலிருந்தும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தப் பெயருக்கு ‘அங்கே காண்க’ என்ற குறிப்பும். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு பெயரில் ஏறிவிடாமல் கிராணி என்ற கணக்கர் பார்த்துக்கொண்டதைப் போன்ற வேலை இது. என்ன, அந்தக் கிராணிகளே காதில் விழுந்தபடி லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி என்று ஆங்கில எழுத்தில் எழுதிவைத்ததை அவிழ்க்கும் வேலையும் இப்போது நம் தலையில் சேர்ந்திருக்கிறது.

லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தோனியோ பனிட்சி வகுத்த 91 விதிகள் 1841இல் அச்சாயின. அதன் பிறகு பல நாடுகள் தமக்கென விதிநூல்களை எழுதிக்கொண்டன. 1961இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மாநாடு ஒரு பொதுக் கொள்கைக்கு வந்தது. பல சொற்களால் ஆன பெயரில் எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்பதை, அந்த எழுத்தாளர் குடிமகனாக உள்ள நாட்டின் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கத்தைக் கொண்டும், அது இயலாதபோது அவர் பொதுவாகப் பயன்படுத்தும் மொழியின் வழக்கத்தைக் கொண்டும் முடிவுசெய்ய வேண்டும் என்பது அந்தக் கொள்கை. கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மலேசியத் தமிழருக்கு நாடு ஒன்று, எழுதும் மொழி வேறு. முனியாண்டியின் மகன் சுப்பிரமணியம் தமிழ் நூலில் ‘மு. சுப்பிரமணியம்’ என்றும், அரசாங்கப் பத்திரத்தில் ‘சுப்பிரமணியம் ஏ/எல் முனியாண்டி’ என்றும் இருப்பார். ‘ஏ/எல்’ மகனைக் குறிக்கும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் என்று அறியாத ஒரு மென்பொருள், கடைசிச் சொல்லை முன்னுக்குத் தள்ளி ‘முனியாண்டி, சுப்பிரமணியம்’ ஆக்கிவிடும். நூலை எழுதியவர் மகன், அலமாரியில் பெயர் அப்பாவுக்கு.

இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்துத் தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரில் முதல் எழுத்து ஊரைக் (சீர்காழியின் மறுபெயரான சீயாழியை) குறிக்கிறது, இரண்டாம் எழுத்து தந்தை இராமாமிருதத்தைக் குறிக்கிறது. உலகப் பட்டியல்களில் அவர் ‘ரங்கநாதன், எஸ். ஆர். (சீயாழி ராமாமிருத)’ என்று இருக்கிறார். மேல்நாட்டு வாசகர் இதைப் பார்த்தால் ரங்கநாதன் குடும்பத்தில் பிறந்த சீயாழி என்பவர் என்றுதான் நினைப்பார். அவருடைய சொந்தப் பெயர் முன்னால் நின்றது தற்செயலாகக் கிடைத்த நன்மை.

விதிகளின் இன்னொரு பகுதி கருத்திலிருந்து பிறந்ததன்று, நூல் விவரங்களை எழுதிவைத்த பட்டியல் அட்டையின் அளவிலிருந்து பிறந்தது. ஏழரை சென்டிமீட்டர் உயரமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டையில் இடம் குறைவு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901இலிருந்து அச்சிட்ட அட்டைகளை விற்கத் தொடங்கியபோது இந்த வடிவம் உலகெங்கும் பரவியது; நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டுத் தந்த ஓ.சி.எல்.சி. நிறுவனம் தன் கடைசி அட்டைகளை அச்சிட்டது 2015ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாளில்தான். இடம் போதாமையால் சுருக்கெழுத்துகள் வந்தன. ஒரு நூலுக்கு மூவருக்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் முதலாமவரை மட்டும் சொல்லி ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடலாம் என்ற மூவர் விதியும் வந்தது. 1978இன் ஏ.ஏ.சி.ஆர்.2 என்ற ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிநூல் அதைத் தொடர்ந்து வைத்திருந்தது. எங்கள் பெட்டியில் தோட்டப்புற எழுத்தாளர்கள் பன்னிருவரின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அந்த விதியின்படி பதிந்திருந்தால் பதினொருவர் பட்டியலில் இல்லாமலே போயிருப்பார்கள், அவர்களில் பலருக்கு அச்சில் வந்தது அந்த ஒரு கதை மட்டும்தான் என்றாலும். அதற்கு அடுத்து, 2010இல் வெளியான ஆர்.டி.ஏ. என்ற பட்டியலாக்க விதிகள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கின. எத்தனை பேரையும் பதியலாம். பட்டியலாக்கத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் செய்யப்பட்ட மாற்றங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அட்டையைக் கணினிக்குள் கொண்டுவந்தவர் ஹென்றியெட் அவ்ராம். அவர் நூலகர் அல்லர், கணினி நிரல் எழுதுபவர். 1960களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த மார்க் என்ற பதிவுமுறையில் ஒவ்வொரு தகவலுக்கும் மூன்றிலக்க எண் உண்டு. ஆசிரியர் பெயர் 100, நூலின் பெயர் 245, நூலுக்குரிய அனைத்துலக எண்ணான ஐ.எஸ்.பி.என். 020, பொருள் தலைப்பு 650. இன்றும் உலகின் பெரும்பாலான நூலகங்கள் இதில்தான் இயங்குகின்றன. இந்த முறையின் பழைய எழுத்துத் தொகுதியில் அரபு, ஹீப்ரு, சீனம் எல்லாம் இடம்பெற்றன; தமிழ் இடம்பெறவில்லை. ஆகவே தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில் மட்டுமே பதியப்பட்டன. ‘ழ’வுக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, ‘ள’வுக்கு அதே எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. விசைப்பலகையில் இந்தக் கோட்டையும் புள்ளியையும் தட்டத் தெரிந்த வாசகர் சுங்கை சிப்புட்டில் எத்தனை பேர்? உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு 1991இல் தமிழுக்கு இடம் தந்த பிறகு, பதிவின் 880ஆம் புலத்தில், ‘மேலே உள்ள 245இன் மூல எழுத்து வடிவம் இது’ என்ற இணைப்புக் குறியோடு தமிழைச் சேர்க்க முடிந்தது. சொந்த எழுத்து பின்னிணைப்பிலும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பு முன்வரிசையிலும் இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதை அந்தப் பெண்தான் முதலில் கவனித்தார். எங்கள் பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னபோது ‘கனவு’ என்று தொடங்கும் நூல் ‘கப்பல்’ என்று தொடங்கும் நூலுக்கு முன்னால் வந்தது. ‘கழனி’யை அடுத்துத்தான் ‘கவிதை’ வந்தது. தமிழாசிரியர் இது கணினியின் அறியாமை என்றார். உண்மையில் யூனிகோடு அட்டவணையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ழ’வை அடுத்து ‘வ’வும் அடுக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுக்கு ஒரே அமைப்பு வேண்டும் என்று எடுத்த முடிவின் விளைவு அது. தமிழ் அகராதி வரிசையைத் தரும் தனி விதிக்கோப்பு உண்டு, மென்பொருள் அதைப் பயன்படுத்தினால் வரிசை நேராகிவிடும். விலை மலிவான மென்பொருள்கள் பல அதைப் பயன்படுத்துவதில்லை.

இனி என்ன செய்வது என்பதில்தான் கருத்து பிரிகிறது. தேடுபெட்டி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும்போது விதி எதற்கு என்பது ஒரு கட்சி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேடுபெட்டி எழுத்துகளைத்தான் ஒப்பிடும். திருக்குறள், குறள், முப்பால் என்ற மூன்றும் ஒரு நூல் என்றோ, அதன் மலாய் மொழிபெயர்ப்பும் ஜி. யு. போப்பின் 1886ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே படைப்பின் வடிவங்கள் என்றோ யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அதற்குத் தெரியும். இந்த உறவைத்தான் 1998இன் எஃப்.ஆர்.பி.ஆர். மாதிரி படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு, படி என்று நான்கு நிலைகளாகப் பிரித்தது. வள்ளுவர் இயற்றியது படைப்பு. போப்பின் மொழிபெயர்ப்பு ஒரு வெளிப்பாடு. அதை ஓர் அச்சகம் ஓர் ஆண்டில் வெளியிட்டது பதிப்பு. எங்கள் அறையில் செல்லரித்து இருப்பது படி. செயற்கை அறிவு பதிவுகளைத் தானே எழுதிவிடும் என்ற பேச்சையும் இப்போது கேட்கிறோம். வேகமாக எழுதும், அதில் ஐயமில்லை. தந்தை யார், மகன் யார் என்று அதற்கும் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆர்.டி.ஏ.யைக் கைவிடாமல் மேலும் திருத்திக்கொண்டே போகலாம் என்பது மற்றொரு கட்சி. அதன் சிந்தனை நல்லது, மொழிநடை கடினம். அதைவிடப் பெரிய தடை, அதை முழுமையாகப் படிக்க இணையத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்பது. மண்டபத்தின் மின்கட்டணத்துக்கே நன்கொடை கேட்கும் ஒரு வாசகசாலையால் அது ஆகிற காரியமா? விதியைப் படிக்க முடியாதவர்கள் விதியைப் பின்பற்றவில்லை என்று பெரிய நூலகங்கள் பின்னால் குறைசொல்வதில் பொருளில்லை.

மூன்றாவது வழி, பெயரை அடையாளமாகக் கொள்ளாமல் எண்ணை அடையாளமாகக் கொள்வது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012இல் முதல் வரைவை வெளியிட்ட பிப்ஃபிரேம் இந்த எண்ணத்தில் எழுந்தது. இதில் பதிவு என்பது ஓர் அட்டையாக இல்லாமல் ஒன்றோடொன்று கோத்த சிறு சிறு கூற்றுகளாக இருக்கிறது: இந்த மலரை உரைத்தவர் இந்த எண்ணுக்குரியவர், இந்த எண்ணுக்குரியவரின் தமிழ்ப் பெயர் இது, மலாய்ப் பத்திரப் பெயர் இது, தந்தையின் பெயர் இது. ஐ.எஸ்.என்.ஐ. என்ற 16 இலக்க எண் இவ்வாறு உலக அளவில் எழுத்தாளர்களுக்கு வழங்கப்படுகிறது. எண் மாறாது, பெயர் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் காட்டப்படலாம். தமிழில் தேடுபவருக்குத் தமிழ் முன்னால் வரும், ஆங்கிலத்தில் தேடுபவருக்கு ஆங்கிலம் வரும். சம்பந்தனை ‘ச’வில் வைப்பதா ‘தி’யில் வைப்பதா என்ற கேள்வி இங்கே விடை கிடைக்காமலே தேவையற்றதாகிவிடுகிறது. அட்டைப் பெட்டியில் ஓர் அட்டை ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பதால் பிறந்த கேள்வி அது. நம்மைப்போல் ஒருவருக்கு மூன்று பெயர் வடிவங்கள் இருக்கும் சமூகத்துக்கு இந்த மூன்றாம் வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. மென்பொருள் இன்னும் சிறிய நூலகங்களின் கைக்கு எட்டவில்லை என்பது உண்மை. ஆனால் தரவை அதற்கு ஏற்ற வடிவில் இப்போதே எழுதி வைக்க எந்தச் சந்தாவும் தேவையில்லை.

அதைத்தான் நாங்கள் ஒரு சாதாரண அட்டவணைத் தாளில் செய்கிறோம். முகப்பில் உள்ளபடி பெயர் ஒரு கட்டத்தில், சொந்தப் பெயர் ஒன்றில், தந்தை பெயர் ஒன்றில், புனைபெயர் ஒன்றில், ரோமன் எழுத்து வடிவங்கள் எத்தனை உண்டோ அத்தனையும் ஒன்றில், முன்னால் எங்கள் சொந்த வரிசை எண். அன்று மாலை சம்பந்தனுக்கு 214ஆம் எண் கிடைத்தது.

அடுத்து எடுத்த நூலுக்கு மேலட்டையும் இல்லை, முகப்புப் பக்கமும் இல்லை. கறையான் தின்றது போக உள்ளே ஒரு தோட்ட வாசகசாலையின் ஊதா முத்திரை மட்டும் பாதி தெரிந்தது. தமிழாசிரியர் பத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இது தாம் பள்ளியில் படித்தபோது வகுப்பில் வாசித்த நாடகம் என்று சொல்லி அதன் பெயரைச் சொன்னார். நூலில் இல்லாத தலைப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து பதிந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, அது எங்கிருந்து கிடைத்தது என்று குறிப்பும் எழுத வேண்டும் என்பது பழைய விதி. அதை மாற்ற வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அந்தப் பெண் அடைப்புக்குறியைத் திறந்து பெயரைத் தட்டச்சிட்டு, மூடி, குறிப்புக் கட்டத்துக்கு வந்து, “எங்கேருந்து கிடைச்சதுன்னு போட சார்?” என்று கேட்டார். “என் ஞாபகத்திலேருந்துன்னு போடும்மா” என்றார் அவர். அப்படியே போட்டோம்.