சிந்திக்கிறேனா, நினைக்கிறேனா?

போன மாதம் நல்லூர்ப் பக்கம் ஒரு கருத்தரங்கு. பேச வந்தவர் மெய்யியல் படித்தவர், பேச்சும் நல்ல பேச்சு. ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் ஏழு தரம் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே நான் இருக்கிறேன்' என்றார். நாலாவது தரம் பக்கத்தில் இருந்த நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா இருங்கோ" என்றார். இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் இதை 1637இல் பிரெஞ்சில் எழுதினார், 1644இல் இலத்தீனில். இலத்தீன் வினை 'கோகிட்டோ'. சேர்த்துக் கிளறுவது என்ற பொருளில் பிறந்தது. சட்டிக்குள் அகப்பையைப் போடுகிற வேலைதான். நம் 'சிந்தி' வடமொழி வழி வந்தது. சித்தம், சிந்தை எல்லாம் ஒரே குடும்பம். 'நினை' திராவிடச் சொல், மலையாளத்திலும் கன்னடத்திலும் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. வேர்க்கதை இவ்வளவு போதும். சிந்தனை வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கோகிட்டோவுக்கு அது அளவு காணாத சட்டை என்பதுதான் என் வழக்கு.

'சிந்திக்கிறேன்' என்றால் என்ன தெரிகிறது? ஒருவர் கதிரையில் சாய்ந்து, நெற்றியைச் சுருக்கி, ஒரு விஷயத்தை ஆற அமர ஆராய்கிறார். டேக்கார்ட் சொன்னது அதை மட்டுமல்ல. 1641இல் வந்த 'தியானங்கள்' நூலின் இரண்டாம் தியானத்தில், கோகிட்டோ செய்கிற ஒன்று என்றால் என்ன என்று அவரே கேட்டு, அவரே பட்டியல் போடுகிறார்: ஐயப்படுவது, விளங்கிக்கொள்வது, ஆம் என்பது, இல்லை என்பது, விரும்புவது, மறுப்பது, கற்பனை செய்வது, புலனால் உணர்வதும்கூட. பல்வலியில் துடிக்கிறவனும் கோகிட்டோதான் செய்கிறான். அவனைப் பார்த்து 'சிந்திக்கிறான்' என்று யார் சொல்வார்?

சைவசித்தாந்தம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது இன்னும் உறுத்த வேண்டும். அங்கே அந்தக்கரணம், அதாவது உயிருக்கு உள்ளே வேலை செய்யும் கருவி, நான்கு. மனம் பற்றும், அகங்காரம் எழும், புத்தி நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். அதாவது சிந்தித்தல் நாலில் ஒன்றின் தொழில். டேக்கார்ட்டோ நாலையும் ஒரே வினைக்குள் போட்டுக் கிளறியவர். (சைவசித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் 'உளது இலது என்றலின்' என்று தொடங்குகிறது. 'இல்லை' என்று சொல்ல ஒன்று இருக்கிறதே, அதனால் உயிர் உண்டு என்பது வாதம். டேக்கார்ட்டுக்கு நானூறு வருடம் முந்திய சங்கதி. மேடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.)

'நினை' அப்படி இல்லை. அது இளகிய சொல். அப்பாவை நினைக்கிறேன் என்றால் ஞாபகம். நாளைக்குக் கொழும்புக்குப் போக நினைக்கிறேன் என்றால் விருப்பம். அவர் நல்லவர் என்று நினைக்கிறேன் என்றால் கருத்து. கற்பனைக்கும் அதே சொல்தான்: ஒரு பறக்கும் மாட்டை நினைத்துக்கொள். வலியை மட்டும் அது முழுதாகத் தொடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டேக்கார்ட்டின் பட்டியலில் முக்கால்வாசிக்கு வாசல் திறக்கிறது.

'எண்ணுகிறேன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பாதிப்பேருக்குக் காசு எண்ணுவது போலக் கேட்கும். சென்னை நண்பர் ஒருவர் 'யோசிக்கிறேன்' என்று போடலாமே என்றார். அங்கே சரி. யாழ்ப்பாணத்தில் திண்ணையில் சும்மா குந்தியிருந்தால், போகிறவர் "என்ன யோசினை? யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். இங்கே யோசிப்பது என்றால் கவலைப்படுவது. கவலைப்படுகிறேன், ஆகவே இருக்கிறேன்! எங்கள் ஊருக்கு அது பொருந்தாது என்றும் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேச்சாளரைப் பிடித்தேன். அவர் சொன்ன மறுப்பு நல்ல மறுப்பு. "நினைக்கிறேன் என்றால் உறுதியில்லாத பேச்சு. மழை வரும் என்று நினைக்கிறேன் என்றால், வராமலும் விடலாம். டேக்கார்ட் தேடினது அசையாத உறுதியை அல்லவா?" சரிதான். ஆனால் அந்த உறுதி எதிலிருந்து வந்தது? ஐயத்திலிருந்து. எல்லாம் பொய்யாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். ஐயப்படுகிற நான் இருக்கத்தானே வேண்டும் என்று பிடித்தார். மழை வருமோ வராதோ, நினைக்கிறவன் இருக்கிறான். சொல்லில் இருக்கிற அந்தத் தளம்பல்தான் எனக்குப் பிடித்தது.

அவர் சிரித்தார். பிறகுதான் உண்மைக் காரணம் வந்தது: "நினைக்கிறேன் என்று சொன்னால் சனம் சாதாரணமாக எடுத்துவிடும்." இதுதான் எங்கள் மொழிபெயர்ப்பாளர்களின் பழைய வியாதி. சாப்பிட்டார் என்று எழுதக் கை கூசும், உணவு உட்கொண்டார் என்பார்கள். நடந்தார் போதாது, நடைபயணம் மேற்கொண்டார். வீட்டில் புழங்குகிற சொல்லுக்கு மேடையில் கதிரை கிடையாது.

போகும்போது, அடுத்த கூட்டத்துக்கும் வருவீர்களோ என்று கேட்டார்.

"வர நினைக்கிறேன்" என்றேன்.